முப்பத்தைந்தாவது சாவி

ஓர்னெல்லா பெர்கொன்சீனியின் கழுத்தில் தங்கச் சங்கிலி தொங்கி யாரும் பார்த்ததில்லை. சிவப்பு நூலில் கோத்த ஒரு பித்தளைச் சாவிதான் தொங்கும். அது டைல்ஸ் தொழிற்சாலையின் கேட்டுச் சாவி.

சூளையிலிருந்து வரும் டைல்ஸை விளக்கடியில் பார்த்து, நல்லது வேறு சொத்தை வேறாகப் பிரிப்பது அவள் வேலை. முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். மயிரிழை விரிசல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. மனிதர்களிடம் இருக்கும் விரிசலும் தப்பாது, அதை முகத்துக்கு நேரே சொல்லியும் விடுவாள் என்பதுதான் மற்றவர்களுக்குத் தொல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன், ஆகஸ்டு விடுமுறைக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, முதலாளி கேட்டுக்குப் புதுப் பூட்டு மாட்டினார். மெஷின்களை லாரியில் ஏற்றப் பார்த்தார். வெயிலில் கறுத்துத் திரும்பியவர்கள் கேட்டுக்கு வெளியே கூடாரம் போட்டு, மழையில் நனைந்து, அறுபது நாள் காவல் கிடந்தார்கள். கடைசியில் முப்பத்து நாலு பேரும் சேர்ந்து தொழிற்சாலையையே வாங்கிவிட்டார்கள். வாங்கியதும் முதல் வேலையாக ஆளுக்கொரு சாவி வெட்டினார்கள். அன்று ஓர்னெல்லா வீட்டுக்குப் போய் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

அதிலிருந்து அவள் ஆளே மாறிப்போனாள். குழாய் சொட்டினால், "முதலாளி பாத்துக்கட்டும்" என்று போய்விடுகிறவள், இப்போது ஞாயிற்றுக்கிழமைகூட வந்து குழாயை இறுக்கிவிட்டுப் போனாள்.

சூளையில் பிளேரிம் என்று ஒரு அல்பேனியாக்காரன் இருந்தான். நாற்பது வயது, சம்பளத்துக்கு வேலை. அவனையும் பங்குதாரராகச் சேர்க்கலாமா என்று இரண்டு தரம் கூட்டத்தில் பேச்சு வந்தது. இரண்டு தரமும் மறித்தவள் ஓர்னெல்லா.

"கூடாரத்துல நம்மளோட நனைஞ்சானா அவன்? நேத்து வந்தவனுக்குச் சாவியா?"

அப்படிப்பட்டவளிடம் போய், எல்லோரும் தேர்ந்தெடுத்த தலைவன் லோரிஸ் ஒரு நாள் சொன்னான்: "முப்பத்து நாலு சாவி ஊரெல்லாம் சுத்துனா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டேங்கறான். நாலு சாவி போதும்."

"அப்போ மிச்சம் முப்பது பேரு யாருடா, விருந்தாளியா?"

திங்கட்கிழமை கூட்டத்தில் ஓட்டுக்கு விடலாம் என்று முடிவாயிற்று. சாவி போனால் தான் மறுபடி வெறும் கூலிக்காரி என்ற பயம் ஓர்னெல்லாவைத் தின்றது.

அதற்கு முந்தைய நாள், ஞாயிறு மதியம், அவள் தங்கை வீட்டு விருந்தில் இருந்தாள். டோர்ட்டெல்லினி சூப்பை வாயில் வைத்த நேரம் ஆலங்கட்டி மழை கொட்டியது. ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கரண்ட் இல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமையும் அணையாத சூளைக்குள் டைல்ஸைச் சுமக்கும் உருளைகள் நின்றுவிடும். நின்றால் சூட்டில் வளைந்து முறியும், அப்புறம் சூளையே படுத்துவிடும். ஜெனரேட்டரோ போன வாரமே மக்கர் பண்ணியிருந்தது.

"கேக்காவது வெட்டிட்டுப் போயேன் அக்கா!" என்று தங்கை கத்தினாள்.

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வை!"

கேட்டில் ஏற்கெனவே பதினோரு பேர் நின்றார்கள். டை கட்டியவன், ஹை ஹீல்ஸ் போட்டவள், வாயில் இன்னும் மென்றுகொண்டிருந்தவன். வேறு யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துத்தான் ஒவ்வொருவரும் ஓடி வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் சாவி இருந்தது. ஒன்றும் பொருந்தவில்லை. கேட்டில் தொங்கியது புதுப் பூட்டு.

முதலாளி மாட்டிய பூட்டுதான் ஓர்னெல்லாவின் நினைவுக்கு வந்தது. மறுபடி அந்த ஆகஸ்டு. போனில் லோரிஸைப் பிடித்தாள்.

"பூட்டுக்காரன் சனிக்கிழமையை விட்டா அடுத்த மாசம்தான்னான். எப்படியும் ஓட்டு விழும்னு நெனச்சு... காலைல நான்தான் பிளேரிமை உள்ள விட்டுப் பூட்டினேன். இதோ, இருபது நிமிஷத்துல வந்துடறேன்."

"நீ மெதுவா வா ராசா. எங்களுக்கு ஏறத் தெரியும்."

ஐம்பத்தேழு வயதில் கேட்டைத் தாண்டிக் குதித்தாள். விருந்துப் பாவாடை இடுப்புவரை கிழிந்தது. பின்னாலேயே மற்றவர்களும் குதித்தார்கள்.

உள்ளே பிளேரிம் தனியாக, கரண்ட் போனால் உதவும் கைப்பிடியைச் சுற்றி உருளைகளை ஓட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் சுற்றிய துணி ரத்தத்தில் நனைந்திருந்தது.

"ஒரு உருளைகூட நிக்கலக்கா."

"தள்ளு, நான் சுத்தறேன்." கைப்பிடியை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "நீ விட்டிருந்தாலும் உன்னை யாரு கேக்கப் போறா?"

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "நான் விட்டா வேற யாரு பாப்பாங்க?"

ஓர்னெல்லா கைப்பிடியை இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

லோரிஸ் வந்து, ஆளில்லாத கேட்டைப் புதுச் சாவியால் திறந்துகொண்டு உள்ளே ஓடினான். பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று முறை மாற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாரு சாவிக்காரரு! கோட்டைக் கழட்டு. வரிசையில நீதான் கடைசி," என்றாள் ஓர்னெல்லா.

மறுநாள் கூட்டத்தில் லோரிஸே எழுந்து மன்னிப்புக் கேட்டான். பழையபடி முப்பத்து நாலு சாவி வெட்டலாம் என்றும், இன்சூரன்ஸ்காரனிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னான். எல்லோரும் கை தூக்கினார்கள். ஓர்னெல்லா தூக்காமல் எழுந்து நின்றாள். லோரிஸ் தொலைந்தான் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"முப்பத்து நாலு பத்தாது. முப்பத்தஞ்சு வெட்டு," என்றாள். "நல்லது எது, சொத்தை எதுன்னு பிரிக்கறதுதான் என் பொழப்பு. பிளேரிம் விஷயத்துல என் கண்ணு ரெண்டு தரம் தப்பிடுச்சு."

அதற்கும் எல்லோரும் கை தூக்கினார்கள். சாவி வெட்டி வந்த அன்று, கட்டுப்போட்ட கையால் பிளேரிமால் அதைப் பிடிக்க முடியவில்லை. அவளே சிவப்பு நூலில் கோத்து அவன் கழுத்தில் போட்டாள்.

அடுத்த ஞாயிறு, குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கப் போனாள். யாரோ ஏற்கெனவே இறுக்கியிருந்தார்கள். கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஞாயிற்றுக்கிழமைச் சூப்பை ஆறுவதற்கு முன்னால் குடித்தாள்.