ருமேனியாக்காரர்களின் பெரிய வெள்ளி

போன வாரம் எங்கள் சிவகாசி அச்சகத்தில் ஓடவிருந்த மிஷினை நிறுத்திவிட்டேன். காரணம் கரண்ட் கட் இல்லை... ருமேனிய மொழி!

சிரிக்காதீர்கள். கேளுங்கள்.

கேலண்டர் அடிப்பது எங்கள் குடும்பத் தொழில். புரூஃப் பார்ப்பது என் வேலை. போன வருஷம் ஓர் அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஒரு லோடு கேலண்டர் அப்படியே திரும்பி வந்தது. அன்றோடு என் மேஜைக்குப் புரூஃப் வருவது நின்றது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த சீசனில் ருமேனியாவிலிருந்து ஓர் ஆர்டர். எங்களுக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர். தெரியாத பாஷைக்கு யார் புரூஃப் பார்ப்பது? நான் பார்க்கிறேன் என்றேன்.

அச்சகத்தை நடத்துகிற என் கொழுந்தனார் சிரித்தார். "மதினி, நமக்கு இங்கிலீசே தகராறு. இந்த வயசுல உங்களுக்கு இது எதுக்கு?"

எதுக்கா? ரோஷம்தான்! புரூஃபில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாம்பார் கொதிக்கும்போது போனில் வீடியோ போட்டுப் படித்தேன். லூனி, மார்ட்ஸி, மியெர்குரி, ஜோய், வினெரி... அர்த்தம் பார்த்தால் நிலா, செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அட, நம்ம வரிசை! நவக்கிரகம் சுற்றுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா? சனியும் ஞாயிறும்தான் கிரகத்தில் சேராமல் அடம்பிடித்தன. சம்பெத்தெ, துமினிக்கா என்று அந்த இரண்டை மட்டும் உருப்போட்டேன்.

அடுத்து பண்டிகைகள். கிரெச்சூன் என்றால் கிறிஸ்துமஸ். பஷ்தே என்றால் ஈஸ்டர். அதற்கு முந்தைய வெள்ளி, வினெரியா மாரே. 'மாரே' என்றால் பெரிய. அதாவது... பெரிய வெள்ளி! சாத்தூரில் என் சிநேகிதி புஷ்பம் சர்ச்சுக்குப் போகிற அதே பெரிய வெள்ளி. அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

அந்தச் சொல்லை நிஜமான ருமேனியக் கேலண்டரில் பார்க்க ஆசை வந்தது. நெட்டில் தேடினேன். இருந்தது. ஆனால் எங்கள் புரூஃபில் இருந்த தேதியில் இல்லை — ஒரு வாரம் தள்ளி!

நாலைந்து கேலண்டர் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதைதான். ஆர்டர் கொடுத்த பார்ட்டி எங்களுக்குப் பண்டிகைகளின் பெயரை மட்டும்தான் அனுப்பியிருந்தார்கள். எங்கள் டிசைன் செக்‌ஷனில் வழக்கம்போல நம்மூர் கேலண்டரைப் பார்த்துத் தேதியைப் போட்டுவிட்டார்கள்.

ஓடினேன். மிஷினில் அச்சுப் பிளேட் மாட்டியாயிற்று.

"தம்பி, மிஷினை நிறுத்துங்க!"

"ஈஸ்டர் ஒலகம் பூரா ஒரே நாள்தான மதினி? ரெண்டு ஈஸ்டரா வரும்?"

"அங்கன அவுக சபை வேற, ஈஸ்டருக்கு நாள் குறிக்கிற கணக்கும் வேறன்னு நெட்டுல போட்டிருக்கு. ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. நான் சொல்றது தப்புன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். மத்தியானம் வரை மிஷின் சும்மா நின்றது. ஆபீஸே என்னைப் பார்த்தது. வாங்கி வைத்த காபி ஆறிப்போனது. பயம்தான், வேறென்ன?

மூன்று மணிக்குப் பதில் வந்தது. நீங்கள் சொன்ன தேதியே சரி, கேட்டதற்கு மிக்க நன்றி. இரண்டே வரி. நான் நாலு தடவை படித்தேன்.

"ஆத்தி! அம்புட்டும் குப்பைக்குல்ல போயிருக்கும்!" கொழுந்தனார் தலையில் கைவைத்தார். "மதினி, இனிமே நீங்க பாக்காம ஒரு தாளும் மிஷின்ல ஏறாது."

யோசித்துப் பாருங்கள். தெரியாத எழுத்துகளை ஆளாளுக்கு ஆறு தடவை சரிபார்த்தோம். நன்றாகத் தெரிந்த ஈஸ்டரை யாராவது பார்த்தோமா? நம் வீட்டு வழக்கம்தான் உலக வழக்கம் என்பதில் நமக்குத்தான் எவ்வளவு நிச்சயம்!

ஜெயித்த சூட்டோடு கேட்டுவிட வேண்டும் இல்லையா? பேப்பர் பறக்கும் என்று கொழுந்தனார் பத்து வருஷமாகத் தட்டிக்கழித்த ஃபேனை என் மேஜைக்கு மேலே கேட்டேன்... அதன் காற்றில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்!