முதல் பாலும் பதினான்கு நிமிடமும்

அடுத்தவர் வீட்டு அடுப்படியில் சமைத்துப் பிழைக்கிறவனுக்கு நெருப்பு சுடுவது குறைவு, "உங்களால் ஆகுமா?" என்று ஒருவர் கேட்பாரே, அதுதான் சுடும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது கரண்டி பிடித்துச் சம்பளம் வாங்கியிருந்தால் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஒரு பஞ்சாலைக் கேண்டீனில் இருபத்தேழு வருடம் சமைத்தேன். தொண்ணூறுகளில் ஆலையை மூடினார்கள். பிறகு பீளமேட்டில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு முதலாளி வீட்டில் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று. ஆளைக் கண்டால் கூச்சம், பேச்சும் குறைவு. ஆனால் எண்ணிக்கையில் தவற மாட்டேன். எத்தனை மிளகாய், எத்தனை கொதி, எத்தனை பேர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள் என்று நாற்பது பக்க நோட்டில் குறித்து வைப்பேன். கீழே வருவதெல்லாம் அந்த நோட்டில் ஒரே ஒரு சூப்பைப் பற்றி இருப்பவை.

பதினொன்றில் ஏழு இல்லை

முதலாளியின் மகனும் மருமகளும் இரண்டு வருடம் பாங்காக்கில் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். அங்கே பம்பு வாங்கும் இரண்டு பேர் பத்து நாளில், ஒரு ஞாயிறு மத்தியானம், வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. மருமகளை நான் அம்மணி என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஊர்த் தேங்காய்ப்பால் சூப்பை விருந்தில் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சாமான் பட்டியலை வாசித்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். கோழிக்கறியும் எலுமிச்சையும் போக மொத்தம் பதினொன்று. தேங்காய், வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு ஆகிய நான்கும் என்னிடம் இருந்தன. இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு, ஒரு புல், ஒரு இலை, பனைச் சர்க்கரை, உருண்டைக் கத்தரி, மீன் தண்ணீர், இறால் விழுது ஆகிய ஏழும் இல்லை.

முதலாளி நல்ல மனிதர், அதட்டிப் பேச மாட்டார். ஒரு பெரிய ஓட்டல் மாஸ்டரிடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் கைப்பக்குவம் பிடித்துப்போனால் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கும் வயதாகிறது, ஓய்வு வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டார். ஆலையை மூடியபோது ஒட்டிய நோட்டீசிலும் ஓய்வு என்றுதான் எழுதியிருந்தது. எனக்கு இந்த அடுப்பை விட்டால் வேறு அடுப்பு கிடையாது. நான் செய்கிறேன் என்றேன். விருந்தாளியை ஒறம்பரை என்றுதான் சொல்வார் அவர். "ஏனுங்க கிட்டுசாமி, ஆகலைன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. கடைசி நேரத்துல ஒறம்பரை முன்னால எனக்குத் தலைகுனிவாகிறக்கூடாது பாருங்க."

இருமல் மருந்து

அந்தக் கிழங்கைப் பற்றி அம்மணி மூன்று அடையாளம் சொன்னார். இஞ்சி போலிருக்கும், இஞ்சி இல்லை, மோந்து பார்த்தால் மருந்து வாசம். மருந்து வாசம் என்றால் மருந்துக்கடைக்குத்தானே போக வேண்டும்? டவுனில் எனக்குப் பழக்கமான நாட்டு மருந்துக்கடை பாயிடம் போய் மூன்று அடையாளத்தையும் ஒப்பித்தேன். வீட்டில் யாருக்கு இருமல், எத்தனை நாளாக என்று விசாரித்தபடியே அவர் சித்தரத்தையையும் பேரரத்தையையும் எடுத்து வைத்தார். இரண்டையும் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். சித்தரத்தை நேராகத் தொண்டையைப் பிடித்தது. பேரரத்தை நிதானமாக வந்து மூக்கில் ஏறியது. சூப்புக்கு நிதானம்தான் வேண்டும் என்று பேரரத்தையை வாங்கினேன்.

கட்டை போலக் காய்ந்த சரக்கு அது. ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் அம்மியில் தட்டி அம்மணியிடம் நீட்டினேன். மோந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டார். இதேதான் என்றார். ஏழில் ஒன்று தீர்ந்தது. ஆனால் முந்தின நாள் கடையில் நான் எதற்கு வாங்குகிறேன் என்று சொன்னபோது பாய் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டார். "இருமலுக்கு வாங்கறவங்களப் பாத்திருக்கேன், சூப்புக்கு வாங்கறது நீங்க ஒருத்தர்தானுங்க. எதுக்கும் கம்மியாவே போடுங்க. கசந்துபோச்சுன்னா எங்க கடைப் பேரு மட்டும் வெளிய வந்துறக்கூடாது."

மாடு தின்னாத புல்

பனைச் சர்க்கரைக்குக் கருப்பட்டி. உருண்டைக் கத்தரிக்கு நம் நாட்டுக் கத்தரிக்காய், பிஞ்சாக. இலைக்கு முதலாளி வீட்டுப் பின்கட்டில் நிற்கும் நாரத்தை மரம். ஆறு இலை, நடு நரம்பு நீக்கி. மீன் தண்ணீருக்கும் இறால் விழுதுக்கும் சேர்த்து உப்பு. அம்மணி இந்த ஒன்றுக்கு மட்டும் முகம் சுளித்தார். பதினொன்றையும் கட்டிக்கொண்டு அழுதால் அது அவர்கள் வீட்டுச் சூப்பு, குறைத்துக்கொண்டால் நம் வீட்டுச் சூப்பு என்று நான் சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

மிச்சம் புல் ஒன்று. ஆனைமலையில் என் மனைவியின் அண்ணன் ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தேங்காயையும் அங்கேயே பார்த்து எடுத்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். கொப்பரையாகத் திரும்பிய காய் எண்ணெய்க்கு ஆகும், பாலுக்கு ஆகாது. இளசு தண்ணீராக ஓடும். காதருகே ஆட்டி ஆட்டிப் பார்த்துப் பன்னிரண்டு காய் பொறுக்கினேன். வாய்க்கால் ஓரம் எலுமிச்சை வாசத்தோடு புதர் புதராக ஒரு புல் நின்றது. அதில் ஒரு கட்டு அறுத்தேன். மச்சான் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாடே மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கிற புல்லுங்க மாப்ளே. இதையா சீமைலிருந்து வாரவங்களுக்கு ஊத்தப் போறீங்க?"

என் கை செய்த வேலை

செவ்வாய்க்கிழமை முதல் ஒத்திகை. எட்டு வரமிளகாயை விதை நீக்கி ஊறவைத்து, பதினொரு சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, அரை விரல் நீளம் பேரரத்தை, புல்லின் அடித்தண்டு எல்லாம் சேர்த்து அம்மியில் வெண்ணெயாக அரைத்தேன். தேங்காயெண்ணெயில் பச்சை வாசம் போக வதக்கி, இரண்டாம் பாலை ஊற்றி, அதில் கோழிக்கறியையும் கத்தரிக்காயையும் வேகவிட்டேன். நாரத்தை இலை போட்டேன். கருப்பட்டி ஒரு நெல்லிக்காய் அளவு. கடைசியில் தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நிறமும் வாசமும் அம்மணி சொன்னது போலவே இருந்தன.

அதன்பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். என் கை செய்தது. இருபத்தேழு வருடம் தாளிக்காமல் ஒரு பாத்திரத்தையும் கேண்டீனிலிருந்து வெளியே அனுப்பாத கை. கரண்டியில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, கறிவேப்பிலை பொரிந்து, 'சொய்ங்' என்று சூப்பில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. முதலாளி அதைச் சோற்றில் ஊற்றி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அது வேறு விஷயம். அன்றைக்கே அடுப்படியிலிருந்த கடுகு டப்பாவைப் பாத்திரம் கழுவ வரும் ராசாத்தியிடம் கொடுத்து, ஞாயிறு முடியும் வரை உன் வீட்டில் வைத்துக்கொள் என்றேன். நான் கேட்டால்கூடக் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னேன். அம்மணி சிரிக்கவில்லை. கரண்டியில் அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "ருசி நல்லாத்தானுங்கய்யா இருக்குது. ஆனா ரெண்டு வருசத்துல பாங்காக்குல ஒரு எடத்துலகூடக் கடுகு மெதந்து நான் பாத்ததில்லீங்க."

மாஸ்டர் கேட்ட கேள்வி

வியாழக்கிழமை ஓட்டல் மாஸ்டர் அடுப்படியைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. பைக்குள் தேங்காய்ப்பால் பொடி டப்பா ஒன்று, சிவப்பு விழுது பாட்டில் ஒன்று. பொடியை வெந்நீரில் கரைத்து விழுதைப் போட்டால் ஐந்து நிமிடம், திரியாமல் இருக்க இரண்டு கரண்டி சோளமாவு என்றார். இந்த அடுப்பில் மாவு கரைத்த சூப்பு ஏறாது என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன். அம்மியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாமல், அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கூச்சக்காரனுக்குப் பதில் எப்போதும் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் வரும். என் நோட்டைப் புரட்டினால், செவ்வாய்க்கிழமைக் காயில் பால் கெட்டி, புதன்கிழமை நீர்த்துப்போய் இரண்டு கைப்பிடி துருவல் அதிகம், வியாழக்கிழமை கொஞ்சம் இனிப்பு, கருப்பட்டியில் பாதி குறைத்தேன் என்றிருக்கும். ஒரே மாதிரி இருக்காது. அதனால்தானே அங்கே ஓர் ஆள் வேண்டும்? இந்தப் பதிலை வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். மாஸ்டரிடம் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது இதுதான். "பெரியவரே, டப்பாவுல இருக்கறது என்னைக்கும் ஒரே மாதிரி இருக்கும். உங்க தேங்கா தினமும் ஒரே மாதிரி இருக்குமுங்களா?"

ஞாயிறு

ஒரு மணிக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. மெட்ராஸ் விமானம் தாமதம். இரண்டாம் பாலில் கறியும் காயும் வெந்து தயாராக இருந்தன, அவை காத்திருக்கும். முதல் பால் காத்திருக்காது. பிழிந்து வைத்து, சுடவைத்து, மறுபடி சுடவைத்தால் திரிந்துவிடும். அதனால் இரண்டு தேங்காயை உடைக்காமலே தனியாக வைத்திருந்தேன். கார் சத்தம் கேட்டபிறகு உடைத்து, துருவி, பிழிந்து, வடிகட்டி, ஊற்றி இறக்கப் பதினான்கு நிமிடம். இதை மூன்று தடவை கடிகாரம் பார்த்துச் செய்திருந்தேன். முதலாளி எந்த விருந்தாளி வந்தாலும் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தன் முதல் மோட்டாரைக் காட்டாமல் சாப்பிட உட்காரவைக்க மாட்டார். அந்தக் கதைக்கு இருபது நிமிடம். நான் அந்த வீட்டில் சேர்ந்ததிலிருந்து ஒருவருக்கும் குறைந்ததில்லை. இருபதில் பதினான்கு போனால் எனக்கு ஆறு நிமிடம் மிச்சம்.

அம்மணிக்குப் பயம் வந்துவிட்டது. மாஸ்டர் விட்டுப்போன பொடி டப்பாவைக் கொண்டுவந்து, பத்திரத்துக்கு இரண்டு கரண்டி என்றார். நான் அதை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சூப்பு திரிந்தால் நாளை முதல் நானே வரவில்லை என்றேன். இரண்டரைக்குக் கார் வந்தது. தேங்காயை உடைத்தேன். ராசாத்தி ஒரு மூடி, நான் ஒரு மூடி, துருவ ஆரம்பித்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நாற்காலி இழுக்கும் சத்தம். வந்தவர்களுக்குப் பசி. முதலாளி மோட்டாரைக் காட்டாமலே அவர்களை நேராகச் சாப்பிட அழைத்துப்போய்விட்டார்.

ராசாத்தி துருவலை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். ஜன்னல் திட்டில் டப்பா இருந்தது. அம்மணி அடுப்படி வாசலில் நின்று டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் எத்தனை நிமிடம் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். அவர் டப்பாவைத் தொடாமல் திரும்பிப் போனார். அடுத்து கூடத்திலிருந்து அவர் குரல்தான் கேட்டது. "மாமா, இவங்களுக்கு நீங்க இன்னும் உங்க மோட்டரைக் காட்டலீங்களே?"

மூன்று கண்

பன்னிரண்டு நிமிடத்தில் சூப்பு மேசைக்குப் போனது. நான் திரைக்குப் பின்னால் நின்றேன். முகங்களைப் பார்க்கக் கூச்சம், ஆனால் கரண்டிச் சத்தத்தை எண்ணலாம். வந்த இருவரில் பெரியவர் மூன்று தடவை, இளையவர் இரண்டு தடவை, முதலாளி நான்கு தடவை. கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் இரண்டு முறை. கடுகு டப்பா ராசாத்தி வீட்டில் பத்திரமாக இருந்தது. அம்மணி திரையை விலக்கிக்கொண்டு வந்து, பெரியவர் ஒன்று கேட்கிறார், என்ன சொல்லட்டும் என்றார். அவர் வீட்டிலும் இப்போதெல்லாம் டப்பாதானாம். இவ்வளவு நல்ல பால் எந்தக் கம்பெனி டப்பா என்று கேட்டாராம். பதில் முதல் தடவையாகப் பஸ் ஏறுவதற்கு முன்பே வந்தது. ஆனைமலை டப்பா, மூன்று கண் இருக்கும் என்று சொல்லச் சொன்னேன். அம்மணி போய்ச் சொன்னார். பெரியவர் சிரித்தது சுவர் தாண்டிக் கேட்டது.

திங்கட்கிழமை காலை முதலாளி அடுப்படி வாசலுக்கு வந்தார். நான் சேர்ந்ததிலிருந்து அவர் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. மாஸ்டரைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு, ஜன்னல் திட்டில் மூடி திறக்காமல் இருந்த டப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க கிட்டுசாமி, இனி ஒறம்பரை வந்தா மோட்டரை எத்தனை நிமிசம் காட்டோணும்னு எனக்கு முன்னாடியே சொல்லிப்போடுங்க."

நோட்டில் அன்றைக்குக் கடைசி வரியாக இதைத்தான் எழுதினேன்: முதல் பாலுக்குப் பதினான்கு நிமிடம் போதும், அதைச் செய்ய என்னை விடுவதற்குத்தான் பத்து நாள் ஆயிற்று.