நான் அனுப்பாத பாதி

என் அண்ணன் மனைவி ஒரு திருடி என்று பங்காளிகள் அத்தனை பேரும் நம்பும்படி செய்தவன் நான். அவர் திருடவில்லை என்பது அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், கண்ணால் பார்த்ததை மறைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொன்னவன். எனக்கு அது உதவவில்லை.

திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் எங்கள் பாட்டனார் கட்டிய வீடு பல பங்குகளாக இருக்கிறது. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிப் பங்குக்கு ஓர் அறை. அறைக்குள் அந்தந்த வீட்டுப் பெண்கள் கல்யாணத்தில் கொண்டுவந்த சீர்ச் சாமான்கள். அறைகளின் சாவிகள் சென்னையிலும் பெங்களூரிலும் மலேசியாவிலும் இருக்கின்றன. அந்தப் பெரிய வீட்டில் குடியிருந்தவர் அண்ணன் மனைவி ஒருவர்தான். அவரை நாங்கள் எல்லோரும் ஆச்சி என்று கூப்பிடுவோம். அண்ணன் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. நான் புதுக்கோட்டையில் மகளோடு இருக்கிறேன். பொதுச் சாமான்களுக்குப் பொறுப்பு என்னிடம். அவை இருக்கும் பொது அறையின் சாவி மட்டும் அந்த வீட்டிலேயே இருக்கும்.

பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். அங்கே கேமரா இருந்தது. பதிவு சேரும் பெட்டியையும் அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டதால் ஒன்றும் துலங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் கிளவுட் கேமரா வைப்பதென்று முடிவு செய்தோம். முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று. மாட்ட வந்தவர் ஏணியில் நின்றபடியே விளக்கினார்.

"இதுல பெட்டியே கெடையாது சார். படம் எடுக்க எடுக்க நெட்டு வழியாப் போயி வெளிய சேந்துரும். கேமராவையே ஒடச்சாலும் ஒடச்சவன் மூஞ்சி அங்க இருக்கும். நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் போன்ல பாக்கலாம், இங்கிட்டு இருக்கறவங்களோட பேசவும் செய்யலாம்."

தூணோரம் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நான் அரிசியில கல்லுப் பொறுக்குறது மலேசியாவுல தெரியுமா?"

"நல்லாத் தெரியும் ஆச்சி."

"தெரிஞ்சா சரி." என் பக்கம் திரும்பினார். "தம்பி, அவுகளை வந்து ரெண்டு கல்லுப் பொறுக்கித் தரச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தோம்.

கேமரா நன்றாகவே வேலை செய்தது. ஒரு மழையில் வளவின் மேல் ஓடு சரிந்ததைப் பெங்களூரில் இருந்த தம்பி மகன் பார்த்து எனக்குச் சொன்னான். கதவு திறந்து கிடந்த ஒரு மத்தியானம் நாய் நுழைந்ததைச் சென்னையிலிருந்து பார்த்து விரட்டினார்கள். நான் போகிற இடமெல்லாம் அதைப் புகழ்ந்தேன். எனக்கு இன்னொரு லாபமும் இருந்தது. முன்பு வாரம் தவறாமல் பஸ் ஏறி ஊருக்குப் போவேன். போகும்போது காய்கறியும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு போவேன். இப்போது காலையில் போனைத் திறந்தால் ஆச்சி வாசல் தெளிப்பது தெரியும். நன்றாகத்தான் இருக்கிறார் என்று மூடிவிடுவேன்.

முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்பு நெருங்கியது. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு உண்டு. துலக்கி வைக்கலாமென்று போனபோது பொது அறையில் அது இல்லை. பொறுப்பு என்னுடையது. ஆச்சியைக் கேட்டேன். பார்க்கவில்லை என்றார். புதுக்கோட்டைக்குத் திரும்பியதும் போனில் பழைய பதிவுகளைத் தேடினேன். நேரலையைப் பங்காளிகள் எல்லோரும் பார்க்கலாம். பழைய பதிவைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தது.

முகப்புக் கேமராவில் அது கிடைத்தது. விடிந்தும் விடியாமல் ஆச்சி வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகிறார். தெருவை இரண்டு பக்கமும் பார்க்கிறார். பிறகு வெறுங்கையோடு திரும்பி வருகிறார். அதை வெட்டியெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். "விளக்கைக் காணவில்லை. இதைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதினேன். வேறு எதையும் நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அண்ணன் போனதும் கையும் நீண்டுருச்சு போல" என்று ஒருவர் பேசி அனுப்பினார். "வீட்டுல இருக்கறவுகளே இப்பிடின்னா கேமரா எதுக்கு?" என்றார் இன்னொருவர். ஒருவர் ஆச்சியைப் போனில் கூப்பிட்டு நேராகவே கேட்டுவிட்டார். ஆச்சி சொன்னது ஒரே வார்த்தை. "நான் எடுக்கலப்பா." மூட்டையில் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அன்று மாலைதான் வளவுக் கேமராவைப் பார்த்தேன். அதே விடியல். ஆச்சி தன்னுடைய அறையைத் திறக்கிறார். உள்ளேயிருந்து ஒரு பித்தளைத் தவலையைத் தூக்கி வருகிறார். அது அவருடைய தகப்பனார் வீட்டுச் சீர். அவர்கள் கல்யாணத்தன்று அதை வண்டியிலிருந்து இறக்கி வைத்தவர்களில் நானும் ஒருவன், அதனால் பார்த்த உடனே தெரிந்தது. மடியில் வைத்து முந்தானையால் துடைக்கிறார். பிறகு துணியில் கட்டுகிறார். முந்தைய நாட்களின் பதிவுகளிலும் தேடினேன். அதற்கு முன்பு ஓர் அண்டா போயிருந்தது.

தன் சாமானை விற்றுத்தான் ஆச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஒவ்வொருவரும் மற்றவர் கவனித்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம்.

உடனே அந்தப் பாதியையும் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் நான் அவசரப்பட்டது தெரியும், பக்கத்தில் இருந்தும் பார்க்காதவன் நான் என்பதும் தெரியும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாங்கள் வாங்கியிருந்த திட்டத்தில் பதிவுகள் ஒரு மாதம்தான் இருக்கும், பிறகு தானாகப் போய்விடும். அது எனக்குத் தெரியும். நான் அழிக்கவில்லை. அழியட்டும் என்று இருந்தேன். அதற்குள் ஆச்சி ஒரு பையை எடுத்துக்கொண்டு பொன்னமராவதியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது வாசலைப் பெருக்கிவிட்டுப் போனதைப் போனில் பார்த்தேன்.

படைப்புக்கு எல்லோரும் வந்தார்கள். மலேசியாவிலிருந்து வந்த பங்காளி தன் அறையைத் திறந்தார். உள்ளே பழைய வேட்டியில் சுற்றி வெள்ளி விளக்கு இருந்தது. சுற்றி வைத்தவன் நானேதான். போன படைப்பு முடிந்த அன்று பொது அறைச் சாவி கைக்கு அகப்படவில்லை. திறந்திருந்த அவர் அறையில் தற்சமயத்துக்கு வைத்தேன். அவர் பூட்டிச் சாவியோடு விமானம் ஏறிவிட்டார். எனக்கு அடியோடு மறந்துபோயிற்று.

"கெடச்சிருச்சுல்ல, விடுங்க" என்றார்கள். விளக்கைத் துலக்கி ஏற்றினார்கள். ஆச்சியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பந்திக்கு உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"எலை போட்டாச்சுண்ணே, சாப்பிட்டுப் பேசுவோம்" என்றான் தம்பி.

"சாப்பிட்டா பேசமாட்டேன்டா" என்றேன். தவலை, அண்டா, நான் மறைத்த பதிவு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு இலேசானது போல இருந்தது. அந்த இலேசை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே ஆச்சிக்குப் போன் மேல் போன். ஆளாளுக்குப் பணம் அனுப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு மருமகள் அழுதுகொண்டே கேட்டாளாம். "பாத்திரத்தை வித்தா ஆச்சி கஞ்சி குடிச்சீங்க?"

நான் பொன்னமராவதிக்குப் போனேன். ஆச்சி தங்கை வீட்டுப் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், தண்ணீர் கொடுத்தார். நான் அவர் காலில் விழப் போனேன். விலகிக்கொண்டார்.

"இந்த வயசுல இதெல்லாம் வேணாம் தம்பி. உக்காருங்க."

"ஆச்சி, அந்தப் பதிவு என் கையில இருந்துச்சு. ஒங்க மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சே பேசாம இருந்தேன்."

"சொன்னாங்க."

"எல்லாரு முன்னாலயும் உண்மையச் சொல்லிட்டேன்."

ஆச்சி துணியை மடிப்பதை நிறுத்தினார்.

"என்னையக் கேட்டுட்டா சொன்னீங்க? திருடின்னீங்க. அது பொய்யின்னு எனக்குத் தெரியும், அதனால தாங்கிக்கிட்டேன். மூட்டையில என்னன்னு அன்னைக்கே நான் சொல்லியிருக்க முடியாதா? ஒங்க அண்ணன் பொஞ்சாதி சீர்ச் சாமானை வித்துத் திங்கிறான்னு ஊருக்குத் தெரிய வேணாம்னுதானே வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்க சொல்லியிருக்கறது நெசம். இதை நான் எங்க போயி தாங்குறது?"

வந்த பணத்தையெல்லாம் அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் என் போன் ஒலித்தது. வீடு ஆளில்லாமல் ஆனதிலிருந்து, எது அசைந்தாலும் போன் ஒலிக்கும்படி கேமராவை வைத்திருந்தேன். வளவில் ஆள் நடமாட்டம். ஆச்சியும் தங்கையும் வந்திருந்தார்கள். ஆச்சி தன் அறையைத் திறந்து, மிச்சமிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார். கொண்டுவந்த ஒவ்வொன்றையும் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். குடம், தாம்பாளம், ஒரு சின்னச் செம்பு. திருப்பி அடிப்பக்கத்தையும் காட்டினார். பிறகு பையின் வாயை விரித்துக் காட்டினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"ஆச்சி, காட்ட வேணாம் ஆச்சி."

அவர் திடுக்கிடவில்லை. நான் பார்ப்பேன் என்று தெரிந்துதான் வந்திருக்கிறார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேமராவைத்தான் பார்த்தார், ஆனால் என் முகத்தைப் பார்த்தது போலத்தான் இருந்தது.

"முழுசாப் பாத்துக்கங்க தம்பி. பாதியில நிறுத்திராதீங்க."

கடைசியாக வெறும் கைகளை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். அறையைப் பூட்டவில்லை. சாவியைக் கதவிலேயே விட்டிருந்தார். அந்த வளவில் இன்று பூட்டாமல் கிடப்பது அந்த ஓர் அறைதான். காற்றடித்தால் கதவு அசைகிறது, அசையும்போதெல்லாம் என் போன் ஒலிக்கிறது. ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பார்க்கிறேன்.

அந்தக் காலைப் பதிவை முழுவதுமாக இறக்கித் தனியே வைத்திருக்கிறேன். இது ஒரு மாதத்தில் போகாது. யாருக்கும் அனுப்பவில்லை.