நான் தட்டிய மேசை மணி

நான் எழுதுவது கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காஹாங் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்ததோடு சரி. மறதி வேறு. இது நடந்தது எந்த மாதம் என்று கேட்டால் தெரியாது. மழை பெய்து, கோயில் மண்டபத்து வாசலெல்லாம் செருப்புச் சேறாக இருந்தது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்போது தெப்ராவில் எங்கள் அடுக்குமாடியில், எதிர் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். பதினெட்டு வயதிருக்கும். கெட்டிக்காரி, ஆனால் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே நின்றுவிடும். எதிரில் இருப்பவர்களுக்குப் பொறுக்காது, மிச்சத்தை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அவளும் தலையாட்டிவிடுவாள். ஒருநாள் என் வாசலில் வந்து "க... க..." என்றாள். சமையல் நேரமாயிற்றே என்று ஒரு கொத்துக் கறிவேப்பிலையை நீட்டினேன். தலையாட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்க வந்தது கத்தரிக்கோல் என்று பிறகுதான் தெரிந்தது. கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கடையிலும் இதே கதைதான். ஒரு தட்டு மீ நூடுல்ஸ் கேட்க அவள் வாயெடுத்தால் கடைக்காரர் மைலோ கலக்கத் தொடங்கிவிடுவார்.

"ஏம்மா, வேணாம்னு சொல்றதுதானே?" என்று கேட்டேன்.

"வி... விடுங்க ஆன்ட்டி, மைலோவும் பிடிக்கும்" என்று சிரித்தாள்.

அந்த வருடம் கோயில் மண்டபத்தில் இளையோருக்கு ஒரு கவிதைப் போட்டி வைத்தார்கள். குறையோடு வாழும் பிள்ளைகள், அந்த வாழ்க்கையைத் தாங்களே எழுதி, மேடையில் சொல்ல வேண்டும். அவளும் பெயர் கொடுத்தாள். பஸ்ஸில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரிசு வேணாம் ஆன்ட்டி. ஒரு த... தடவ நானே முழுசா சொல்லி முடிக்கணும். யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

நான் போனது வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணி கலக்க உதவி செய்யத்தான். ஆனால் நேரம் முடிந்ததும் மணி அடிக்க வேண்டியவர் மழையில் மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது. ஏற்பாடு செய்த அம்மா என்னை இழுத்துப் போய் முன்வரிசை மேசையில் உட்கார வைத்துவிட்டார். "அக்கா, டீச்சர் கைப்பேசியில நேரம் பாப்பாங்க. அவங்க தலைய ஆட்டுனா நீங்க இத ஒரு தட்டு தட்டுங்க, போதும்லா." நாலு பேர் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தாலே எனக்கு வேர்த்துவிடும். தலையைக் குனிந்துகொண்டு மணியையே பார்த்திருந்தேன்.

சக்கர நாற்காலியில் ஒரு பையன் வந்து சொன்னான். கண் தெரியாத ஒரு பிள்ளை புள்ளிகளை விரலால் தடவித் தடவி அழகாக வாசித்தது. அடுத்து இவள்.

"எனக்குள்ளே எந்நேரமும் ஒரு க... க..."

நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு அம்மா பாசமாக, "கவலைம்மா, கவலை!" என்றார். "கண்ணீர்!" என்றது ஓர் ஆண் குரல். "கஷ்டம்னு சொல்லு கண்ணு!" தைரியம் கொடுப்பதாக யாரோ கைதட்ட, மண்டபமே தட்டத் தொடங்கிவிட்டது. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் தலை மெல்ல ஆடத் தொடங்கியதைப் பார்த்தேன். கறிவேப்பிலையை வாங்கிக்கொண்ட அதே ஆட்டல்.

என் கை தானாகப் போய் மணியைத் தட்டியது. டிங்!

மண்டபம் அடங்கிவிட்டது. அவளும் அடங்கிவிட்டாள். நேரம் முடிந்ததென்று நினைத்து, மைக்கை வைத்துவிட்டுப் படியில் இறங்கினாள்.

"இன்னும் நேரம் இருக்கேக்கா, ஏன் அடிச்சீங்க?" என்றார் டீச்சர்.

எப்படி எழுந்தேனோ தெரியாது. "மணி உனக்கில்லம்மா, இவங்களுக்கு! நீ ஏறிப் போய்ச் சொல்லு!"

"அலமாக், ஆன்ட்டி நமக்குத்தான் அடிச்சாங்களாம்டா!" என்று பின்னால் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்ப ஏறினாள். இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை. கூரையில் காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்குள்ளே எந்நேரமும் ஒரு க... க... கச்சேரி."

உள்ளே நாதஸ்வரம், தவில் எல்லாம் தயார், திரை விலகத்தான் தாமதம், எழுந்து போய்விடாதீர்கள் என்று அந்தக் கவிதை போனது. கடைசி வரி வரை அவளே சொன்னாள். அதன் பிறகுதான் டீச்சர் தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்துத்தான் ஆட்டினாரோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பரிசு கிடைக்கவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனாள்.

"ம... ம..."

"மைலோவா தங்கச்சி?" என்றான் அங்கே நின்ற பையன்.

இல்லையென்று தலையசைத்தாள். அவன் கரண்டியோடு காத்து நின்றான்.

"மீ ஹூன்."

"அய்யோ, இப்பதான்மா முடிஞ்சிச்சு!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. "அப்ப ம... மைலோவே குடுங்க" என்றாள்.

இப்போது அவள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். எதிர் வீட்டில் வேறு ஆட்கள். மழை பெய்தால் அந்தப் பஸ் பயணம் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்த முதல் வரியில் 'எந்நேரமும்' என்று இருந்ததா, 'எப்போதும்' என்றா, இப்போது எனக்குச் சந்தேகம். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது கேட்டு, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். கேட்கும்போது கொஞ்சம் பொறுத்திருங்கள், அவளே சொல்லட்டும்.