லூர்து மைக்கில் சொன்ன புதுமை

போன செவ்வாய்க்கிழமை, அம்பாசமுத்திரம் தாண்டி ஆற்றங்கரையில் இருக்கும் அந்தோணியார் குருசடிக்கு, அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலுக்கு, போனேன். வேண்டுதல் கிடையாது. சண்டை போடத்தான் போனேன்.

என் வீட்டுக்காரரின் தங்கை லூர்து அங்கே வருஷாவருஷம் நேர்ச்சைச் சோறாக அசனம் போடுகிறாள். அவள் மகன் சின்னப் பிள்ளையில் வெள்ளத்தோடு போனபோது, தாமிரபரணியில் குதித்து, முடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தவள் நான். அப்போதே எங்களுக்குள் பேச்சு இல்லை. அந்தோணியாருக்கு மொட்டை, ஊருக்கெல்லாம் சோறு. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருஷமாயிற்று. அன்று அவள் கட்டியிருந்த பச்சைச் சேலையின் கரைகூட எனக்கு மறக்கவில்லை.

திருநெல்வேலியில் ஏழு மணி பஸ். ஒன்றேகால் மணி நேரம். இறங்கியதும் ஆட்டோ, எண்பது ரூபாய்.

"அசனத்துக்கா ஆத்தா? வெரசா ஏறுங்க, கறி தீந்துரும்" என்றான் டிரைவர்.

"நான் திங்க வரல, கேக்க வந்திருக்கேன்."

"அப்போ பைய போலாம்."

செபம் முடிந்ததும், அந்தோணியாரால் புதுமை, அதாவது அற்புதம், கிடைத்தவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் மைக்கை நீட்டினார். ஒருத்திக்குத் தொலைந்த பசு கிடைத்ததாம். அடுத்து லூர்து எழுந்தாள். நான் பந்தல்காலுக்குப் பின்னால் நின்றேன்.

"எம் பிள்ள ஆத்தோட போனப்போ எத்தன ஆம்பளைய கரையில நின்னாவ. ஒருத்தரும் எறங்கல. எங்கூட மொகங்கொடுத்துப் பேசாத எம் மதினி குதிச்சா. அதுதான் அந்தோணியார் செஞ்ச புதுமை."

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. இது புகழ்ச்சியா, ஏச்சா? நேரே பந்திக்குப் போனேன்.

"ஏட்டி லூர்து, அந்தோணியாரு தள்ளிவிட்டுத்தான் நான் குதிச்சனாக்கும்? நானா குதிச்சிருக்க மாட்டனோ?"

கரண்டியோடு நின்றவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஒங்க பிள்ள போயிருந்தா நான் குதிச்சிருக்க மாட்டேன் மதினி. எனக்குத் தெரியும். பொறவு நீங்க குதிச்சத நான் என்னன்னு சொல்ல?"

சேர்த்துவைத்திருந்த வசவோடு அப்படியே பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் அவளே சோறு வைத்தாள். "தின்னுங்க. பின்னால ஆளு நிக்கி."

தின்றேன்.

குருசடிக்குப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். மழைக்காலத்தில் படித்துறை வழுக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

நானாகத்தான் குதித்தேன் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அன்றைய வெள்ளத்தின் நிறம், பையனின் அலறல், ஈரத் தலைமுடி எல்லாம் அப்படியே நினைவில் இருக்கின்றன. கரையிலிருந்து கால் எடுத்த அந்த நேரம் மட்டும், எவ்வளவு தேடியும், இல்லை.