யானைமுடி மோதிரம்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் லிஃப்டுக்குப் பயம், கடற்கரையோரம் போகிற ரயிலின் சத்தத்துக்குப் பயம், குளியலறையில் தனியாக நிற்கப் பயம். ஒன்பது வயதுப் பிள்ளை இப்படி நடுங்கினால் டொக்டரிடம் காட்டியிருக்கலாம். அம்மா யானையிடம் போனார்.

யானையின் வால்முடி வைத்த மோதிரம் போட்டால் பயம் பறந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். அதற்குத் தோதாக அம்மாவின் தம்பி, என் மாமா, வனசீவராசிகள் அதிகாரி. வவுனியாப் பக்கத்துக் காடுகளில் யானைகளைக் காப்பதுதான் அவருடைய உத்தியோகம். அம்மா விடுவாரா? கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுத்து அவரை அரித்தெடுத்தார்.

"முழுநாளும் யானையளோடைதானே நிக்கிறாய், ஒரு முடி கொண்டுவந்தாக் குறைஞ்சே போவாய்?"

மாமா முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், கடைசியில் கத்தினார். "அக்கா, அது களவு. அப்பிடிச் செய்யிறவங்களைப் பிடிச்சுக் கோட்டிலை நிப்பாட்டுறதே நாங்கள்தான்!"

அம்மாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருந்த பெரியப்பாவிடம் போய்க் கண்ணைக் கசக்கினார். பெரியப்பா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. பத்தே நாளில், தங்கத்துக்கு நடுவே கறுப்பாக முடி ஓடுகிற மோதிரம் ஒன்று என் விரலில் ஏறியது.

நம்பினால் நம்புங்கள், பயம் போய்விட்டது! லிஃப்டில் தனியாக ஏறி இறங்கினேன். ரயிலுக்குக் கை காட்டினேன். மாமா வரும்போது மட்டும் மோதிரத்தைக் கழற்றி ஒளித்துவைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கண் சிவந்து, தாடி மழிக்காமல் இருந்தார். சாப்பிட இருந்தோம். அவருக்கு நண்டுக்கறி என்றால் உயிர். நானே ஆசையோடு கறிச்சட்டியை அவர் பக்கம் தள்ளினேன். மோதிரம் எனக்கு நினைவிலேயே இல்லை.

"ஆர் தந்தது?" என்றார் மாமா.

அவர் இடது கையால் போனை எடுத்து ஒரு படத்தை என் முன்னால் வைத்தார். அம்மா பாய்ந்து மறைப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். வயலில் ஒரு யானை சரிந்து கிடந்தது. வால் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு துண்டு, அதைச் சுற்றி இலையான் மொய்த்துக்கொண்டிருந்தது.

"செத்தாப் பிறகுதானே வெட்டினவை, மாமா? அப்ப நொந்திருக்காதுதானே?"

"கரண்டுக் கம்பியிலை பட்டு விழுந்தது, பிள்ளை. வெட்டேக்குள்ளை உயிர் இருந்திருக்கு."

என் விரலில் இருந்தது அந்த யானையின் முடியா, வேறு யானையின் முடியா என்று யாரும் சொல்லவில்லை. நான் மோதிரத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. வீறிட்டு அழுதேன். மாமாதான் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய், சவர்க்காரம் பூசி, மெல்ல மெல்லக் கழற்றினார். அதைப் பேப்பர்த் துண்டில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அத்தான்ரை பேர் வெளியிலை வருமோடா?" என்று பெரியப்பாவை நினைத்து அம்மா அழுதார். மாமா சாப்பிடவில்லை. போய்விட்டார். அந்த முடியை யானைக்குத் திருப்பி ஒட்டத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன்.

பொலிஸ் வரவில்லை. பெரியப்பாவின் கடை வழக்கம்போலத் திறந்திருந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்து மாமா போன் எடுத்தார். காட்டு வேலை வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுத்து, கொழும்பில் மேசை வேலைக்கு மாற்றம் வாங்கிவிட்டாராம். உனக்கென்ன விசரா என்று அம்மா கேட்டார்.

"இனி நான் எந்த முகத்தோடை ஒருத்தனைப் பிடிக்கிறது, அக்கா?"

அம்மா போனை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா இனிக் கொழும்பிலேயே இருப்பார், ஒவ்வொரு ஞாயிறும் வருவார் என்று நான் கைதட்டிக் குதித்தேன்.