ஏலக்காய்க் கறையும் ஒரு கட்டைவிரலும்

கடந்த செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று இருபது. போடிக்கு மேலே மலைச்சரிவில் உள்ள எங்கள் ஏலத்தோட்டத்தில், ஒரு போன் தன் சொந்தக்காரியைத் தெரியவே தெரியாது என்று சாதித்தது.

சொந்தக்காரி செல்வி, எங்களிடம் காய் பறிப்பவர். போன் புதுசு. ஞாயிற்றுக்கிழமை அதைத் தயார் செய்து கொடுத்தவன் நான்தான். ‘வலது கட்டைவிரல் – பதிவு – முதல் முயற்சியிலேயே வெற்றி’ என்று டைரியில் எழுதியும் வைத்தேன். பூட்டிய திரையில் யாரும் செய்தியைப் படித்துவிடக் கூடாதே என்று அதையும் மறைத்துவைத்தேன். எவ்வளவு முன்யோசனை!

என் முதல் செல்போனைத் திறக்க இரண்டு பொத்தான்களை அழுத்தினேன். பிறகு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு. பிறகு எண். இப்போது விரலை வைத்தால் போதும்… வெர்ஷனுக்கு வெர்ஷன் இந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நம்மிடம் நெருங்கிக்கொண்டே வருகிறது.

ஆனால், காய் பறிக்கிற விரலாயிற்றே? காலையிலிருந்து கறை ஏறி, பிசுபிசுத்து, ரேகையே தெரியவில்லை.

அப்போதுதான் செல்வியின் மகள், வீட்டிலிருந்து அழைத்தாள். நர்சிங் காலேஜில் கிடைத்த இடத்தைப் பன்னிரண்டு மணிக்குள் உறுதிசெய்ய வேண்டும். ஓடிபி அம்மா போனுக்குத்தான் வரும். இரண்டு வந்து காலாவதியும் ஆகிவிட்டன.

“நம்பரப் போட்டுத் தெறம்மா!” ஸ்பீக்கரில் மகள் பதறினாள்.

“மறந்துபோச்சுடி. அதான் வெரல் இருக்கேனு விட்டுட்டேன்” என்ற செல்வி, என் பக்கம் திரும்பினார். “ஏண்ணே, இதுக்கு என்னைய ஞாயித்துக்கெழம மட்டுந்தான் தெரியுமா?”

டைரியிலோ ‘முதல் முயற்சியிலேயே வெற்றி’ என்றல்லவா எழுதியிருந்தேன்!

பக்கத்துச் செடியிலிருந்து பாண்டியம்மாள் எழுந்து வந்தார். அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலில் பூசும் எண்ணெயைச் செல்வியின் கட்டைவிரலில் ஊற்றி, முந்தானையால் தேய் தேய் என்று தேய்த்தார். “இப்ப வையி ஆத்தா, வெரசா!”

திறந்தது!

புதிதாக வந்த ஓடிபியின் ஆறு எண்களையும் செல்வி மலைக்கே கேட்கும்படி கத்தினார். பதினொன்று ஐம்பத்திரண்டு. மறுமுனையில் மகள் அதைத் தட்டி முடித்துக் கூவினாள்: “முடிஞ்சிருச்சும்மா! எனக்குச் சீட்டு கெடச்சிருச்சு!”

கூடைகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணைத் துடைத்த செல்வி திடீரென்று துள்ளினார். “அண்ணே, நம்பரு ஞாபகம் வந்துருச்சு… புள்ள பொறந்த வருசம்!”

இதைவிட நல்ல நேரத்தில் அது வந்திருக்கக் கூடாதா?

எண் கிடைத்ததால், பறிப்பில் கறை படாத சுண்டுவிரலையும் அங்கேயே பதிந்தேன். மாலை ஜீப்பில் மற்ற பெண்களும் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு என்னைச் சூழ்ந்துவிட்டார்கள்.

இறங்கும்போது செல்வி கேட்டார்: “எம்மக நர்ஸாகி ரெண்டு கையிலயும் ரப்பர் ஒறைய மாட்டிக்கிட்டா, எந்த வெரல வைக்கிறதுண்ணே?”

நாலு வருஷப் படிப்பு… அதற்குள் நாலு வெர்ஷன் வந்துவிடாதா என்ன?